ஆர்வி எடுக்கப் போகிறீர்களா? எந்த வண்டியில் தீ அபாயம் குறைவு, எதிலிருந்து வெளியே வருவது எளிது

அமெரிக்காவில் இருக்கும் நம் வீடுகளில், ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கும் கோடையில் ஆர்வி பேச்சு தவறாமல் எழும். யெல்லோஸ்டோனுக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ ஓட்டல் ஓட்டலாக மாறி அலைவதைவிட, கட்டிலும் கழிப்பறையும் அடுப்பும் கூடவே வரும் வண்டி பெரியவர்களுக்கு ரொம்பச் சௌகரியம். சரி என்று முடிவானதும் எத்தனை பேர் படுக்கலாம், கேலனுக்கு எத்தனை மைல் ஓடும், வாடகையா சொந்தமா என்று ஒப்பிட ஆரம்பிப்போம். தீ என்பது அந்த ஒப்பீட்டில் எங்குமே வராது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் சமையலறை ஓரிடத்தில் இருக்கும், கார் வேறிடத்தில் நிற்கும், படுக்கையறைக்குக் கதவு இருக்கும். ஆர்வியில் பெட்ரோல், எஞ்சின், புரொப்பேன் சிலிண்டர், 120 வோல்ட் மின்சாரம், 12 வோல்ட் பேட்டரி, மெத்தை, திரைச்சீலை எல்லாம் 25, 30 அடிக்குள். சுவர் என்பது மெல்லிய ஒட்டுப்பலகை, நடுவில் ஃபோம், வெளியே ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியத் தகடு. பற்றிக்கொண்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்கலாம் என்ற நினைப்பு இங்கே செல்லாது. தேசியப் பூங்காக்களின் நடுவில் அது வந்து சேரவே நேரம் பிடிக்கும். அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, ராத்திரி இருட்டில் புகை நிறைந்திருக்கும்போது படுக்கையிலிருந்து தரைக்கு எப்படி இறங்குவது என்பதைத்தான். ஓடும்போதும் தூங்கும்போதும் உள்ளே எத்தனை சுடர் எரிகிறது என்பது அடுத்த கேள்வி. மற்றதெல்லாம் அப்புறம்.

வெளியேறும் வழி

அமெரிக்காவில் ஆர்வி தயாரிப்புக்கான தீப் பாதுகாப்பு விதி என்.எஃப்.பி.ஏ 1192. வாசல் தவிர, அதிலிருந்து தள்ளி இன்னொரு அவசர வழியும் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த இரண்டாவது வழி பெரும்பாலும் ஒரு ஜன்னல். அதன் குறைந்தபட்ச அளவு வேடிக்கையான விதத்தில் வரையறுக்கப்பட்டிருக்கிறது: 24 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் கொண்ட ஒரு நீள்வட்ட உருண்டை தடையில்லாமல் அதன் வழியே போக வேண்டும். ஒரு மனித உடம்பின் கணக்கு அது. ஆனால் யாருடைய உடம்பு?

ஒரு விற்பனை நிலையத்தில் வண்டி பார்க்கப் போனபோது என் மாமியாரைப் பின்பக்கக் கட்டிலில் படுக்கச் சொல்லி, அங்கிருந்து அவசர ஜன்னலைத் திறந்து பார்க்கச் சொன்னேன். ஜன்னலில் இரண்டு சிவப்புக் கைப்பிடிகள். கொசுவலையை முதலில் பிடுங்க வேண்டும். கைப்பிடிகள் இறுகிப்போயிருந்தன, முழங்கையால் தள்ளிய பிறகுதான் நகர்ந்தன. ஜன்னல் மேல்பக்கம் கீல் வைத்தது. கண்ணாடியை வெளியே தள்ளி ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே காலை வெளியே போட வேண்டும். கீழே தரை ஆறு அடி ஆழத்தில். மூட்டு வலியோடு, புடவையில், 68 வயதில் அது நடக்காது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. விதிப்படி அந்த ஜன்னலில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் அது வழி இல்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு வகைவகையாகப் பார்ப்போம்.

கேம்பர் வேன் என்கிற கிளாஸ் பி வண்டிதான் இந்த விஷயத்தில் எல்லாவற்றையும்விட மேல். ஸ்ப்ரின்டர், டிரான்சிட், ப்ரோமாஸ்டர் போன்ற சரக்கு வேன்களில் கட்டுவது. முன்னால் இரண்டு கதவு, பக்கவாட்டில் சறுக்குக் கதவு, பின்னால் இரட்டைக் கதவு. எங்கே தீப்பிடித்தாலும் எதிர்ப்பக்கம் ஒரு கதவு இருக்கிறது, தரையும் பக்கத்திலேயே. பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா, கட்டிலோ அலமாரியோ அதை மறிக்கிறதா என்பதை மட்டும் சோதிக்க வேண்டும். புதிதாக வரும் பல வேன்களில் புரொப்பேனே கிடையாது என்பது இன்னொரு நல்ல விஷயம். குறை என்ன? இரண்டு பேர், மிஞ்சினால் ஒரு குழந்தை. பெரியவர்களோடு ஆறு பேர் போகிற பயணத்துக்கு இது உதவாது.

வாடகைக்கு அதிகம் கிடைப்பது கிளாஸ் சி: டிரக்கின் முன்பகுதி அப்படியே இருக்க, பின்னால் வீடு, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை. இதில் பலரும் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு. ஓட்டுநர் இருக்கைப் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கும் சாதாரணக் கார் கதவுகள் இரண்டும் வெளியேறும் வழிதான். வீட்டுப் பகுதியிலிருந்து நடந்தே அங்கே போகலாம். ஆக வாசலோடு மூன்று கதவு. முன்பக்கம் மேஜையை மடக்கிப் போடும் படுக்கையில் பெரியவர்கள் படுத்தால் அவர்களுக்கு இரண்டு மூன்று தப்படியில் இறங்கிவிடும் தூரம். ராத்திரி முன் கண்ணாடிக்குத் திரை கட்டி, இருக்கைகளுக்கு நடுவே பெட்டிகளை அடுக்கி அந்த வழியை நாமே அடைத்துவிடாமல் இருந்தால் போதும். ஆபத்தான இடம் தலைக்கு மேலே உள்ள படுக்கை. புகை மேலேதான் முதலில் சேரும், ஏணியில் இறங்க வேண்டும். குழந்தைகள் அடம் பிடித்து அங்கேதான் படுப்பார்கள். அப்படியென்றால் கூடவே ஒரு பெரியவர் படுக்க வேண்டும், அங்கே உள்ள ஜன்னலைத் திறந்து பழகியிருக்க வேண்டும்.

பேருந்து போலிருக்கும் கிளாஸ் ஏ வண்டிகளில் பலவற்றுக்கு வாசல் ஒன்றே ஒன்று. டீசல் எஞ்சின் பின்னால், பெரும்பாலும் படுக்கையறைக்கு அடியில். ஓட்டுகிறவர் அதிலிருந்து 35 அடி முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் டீசல் கசிந்து சூடான டர்போவில் பட்டுப் பற்றினால், பக்கத்து வண்டிக்காரர் கைகாட்டிச் சொல்லும்வரை தெரியாமல் போகலாம். ஜன்னலின் உயரமும் இதில்தான் அதிகம். வசதியில் இதற்கு இணை இல்லை. ஆனால் முதல்முறை எடுப்பவர்களுக்கு, அதுவும் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கு, நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

டிராவல் ட்ரெய்லர் வேறு மாதிரி. எஞ்சினும் எரிபொருள் தொட்டியும் இழுக்கிற டிரக்கோடு போய்விடுகின்றன. தூங்குகிற இடத்தில் அவை இல்லை. ஓடும்போது ஆள் உள்ளே உட்காரப் பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிப்பதில்லை என்பதால், ஓட்டத்தில் பிடிக்கும் தீயில் உயிர் போகும் வாய்ப்பு குறைவு. ராத்திரித் தீக்கு மட்டும் தரைப்படத்தைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் அதிகமுள்ள குடும்பங்கள் விரும்பி வாங்குவது, முன்னால் பெற்றோர் அறை, பின்மூலையில் அடுக்குப் படுக்கை, நடுவில் அடுப்பும் வாசலும் உள்ள அமைப்பு. அடுப்பில் தீ என்றால் பெற்றோர் ஒரு பக்கம், பிள்ளைகள் மறுபக்கம், நடுவில் தீ. அதே நீளத்தில், அதே விலைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் படுக்கையறைக்குத் தனி வாசல் வைத்த இரட்டைக் கதவு ட்ரெய்லர் கிடைக்கும். பணத்தைச் செலவழிக்க அதைவிட நல்ல இடம் இந்த வண்டிகளில் இல்லை. டிரக்கின் முதுகில் ஏறி உட்காரும் ஃபிஃப்த் வீலில் படுக்கையறை மாடிப்படி ஏறிப் போகும் உயரத்தில் இருக்கும், அதனால் அங்கே ஜன்னல் இன்னும் மேலே.

ஆக, இரண்டு பேருக்கு வேன். பெரியவர்களோடு வாடகைக்கு என்றால் கிளாஸ் சி. சொந்தமாக வாங்கி, இழுக்க டிரக்கும் இருந்தால் இரட்டைக் கதவு ட்ரெய்லர்.

ஃப்ரிட்ஜ்: யாரும் சந்தேகப்படாத நெருப்பு

அடுப்பைக் கண்டு பயப்படுகிறோம், ஃப்ரிட்ஜைப் பற்றி யோசிப்பதே இல்லை. ஆர்வியில் நீண்ட காலம் வழக்கத்தில் இருந்தது அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ். ஸ்டாக்ஹோமில் 1922-இல் பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் வடிவமைத்தது. கம்ப்ரஸர் இல்லை, சத்தம் இல்லை, மின்சாரம் இல்லாத காட்டிலும் ஒரு சின்னப் புரொப்பேன் சுடரால் ஐஸ் தரும். அருமையான கண்டுபிடிப்பு, அதில் சந்தேகமில்லை. அதன் பின்பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள்: இரும்புக் குழாய்க்குள் அம்மோனியாவும் தண்ணீரும் அழுத்தத்தில் உள்ள ஹைட்ரஜனும், அந்தக் குழாயின் அடியை ஒரு சுடரோ மின்சூடேற்றியோ நாள் முழுக்கக் காய்ச்சிக்கொண்டே இருக்கிறது. குழாயில் விரிசல் விட்டால் ஹைட்ரஜனும் அம்மோனியாவும் வெளிவரும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெருப்பு. 2006-இல் டொமெட்டிக் நிறுவனம் இந்தக் காரணத்துக்காக 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃப்ரிட்ஜ்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. இன்னொரு பெரிய தயாரிப்பாளரான நார்கோல்டின் சில மாடல்களுக்கும் அதே போன்ற அழைப்புகள் வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஃப்ரிட்ஜின் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் தேடிப் பார்க்க வேண்டியது இதனால்தான்.

சாய்ந்த தரையில் நிறுத்துவது இதற்கு ஆகவே ஆகாது. உள்ளே திரவம் இறங்குவது புவியீர்ப்பால் மட்டுமே. வண்டி சாய்ந்து நின்றால் அது ஓரிடத்தில் தேங்கும், கொதிகலன் வறண்டு அளவுக்கு மீறிச் சூடாகும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த சோடியம் குரோமேட் கெட்டியாகிக் குழாயை அடைக்கும். அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது. வெளிச்சுவரில் உள்ள மூடியைக் கழற்றிப் பார்த்தால் குழாயில் மஞ்சள் பொடி படிந்திருக்கிறதா, அம்மோனியா வாடை மூக்கில் ஏறுகிறதா என்று தெரியும். இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்த ஃப்ரிட்ஜை ஓட விடக் கூடாது. பர்னர் பகுதியில் சிலந்தி வலை, குளவிக் கூடு, காய்ந்த இலை சேர்ந்திருப்பதும் சகஜம். அதையும் துடைத்தெடுக்க வேண்டும்.

இப்போது வரும் வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் பரவலாகிவிட்டது. சுடர் இல்லை, சாய்ந்து நின்றாலும் கவலை இல்லை. சிலவற்றில் குளிரூட்டும் வாயு ஐசோபியூட்டேன், எரியக் கூடியதுதான். ஆனால் அளவு மிகக் குறைவு, பக்கத்தில் காய்ச்சும் நெருப்பும் இல்லை. விலை பேட்டரியில் தெரியும். பத்து கன அடி ஃப்ரிட்ஜ் ஒன்று நாள் முழுக்கப் பேட்டரியைத் தின்னும். மின் இணைப்புள்ள முகாம்களிலேயே தங்குகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மின் இணைப்பில்லாத இடத்தில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு மட்டும் அப்சார்ப்ஷன் இன்னும் அர்த்தமுள்ள தேர்வு. அவர்களும் கொதிகலன் வெப்பம் ஏறினால் தானாக அணைக்கும் கருவியைச் சேர்த்துவிடுவது நல்லது.

எந்த ஃப்ரிட்ஜானாலும், ஓடும்போது புரொப்பேனை மூடிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. நிறையப் பேர் ஐஸ்கிரீம் உருகிவிடும் என்று சுடரோடே ஓட்டுகிறார்கள். அப்படியே பெட்ரோல் பங்கில் போய் நிற்பார்கள்; பெட்ரோல் ஆவி மிதக்கும் இடத்தில் ஃப்ரிட்ஜ் பர்னர் தானாகப் பற்றிக்கொள்ளும். மூடிவைத்த ஃப்ரிட்ஜ் நான்கைந்து மணி நேரம் குளிர்ச்சி தாங்கும், அது போதும். சில இடங்களில் சட்டமே குறுக்கிடும்: பால்டிமோர் துறைமுகச் சுரங்கப்பாதையிலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கப்பாதையிலும் ஆர்விகளில் வழக்கமாக உள்ள அளவுப் புரொப்பேன் சிலிண்டரோடு போகவே கூடாது.

தாளிப்பு எதில்?

நம் சமையலுக்கு எண்ணெய் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும். ஆர்வி அடுப்புக்கு மேலே ஒன்றரை, இரண்டு அடியில் மைக்ரோவேவ், பக்கத்தில் திரைச்சீலை, எதிரே மெத்தை. மிளகாய் கிள்ளிப் போட்டால் புகை அலாரம் அலறும். உடனே யாராவது அதன் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள், ராத்திரி திரும்பப் போட மறந்துவிடும். உள்ளே தாளிப்பதைத் தவிர்ப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் படரும். அதனால்தான் வாயு உணர்கருவியைத் தரையை ஒட்டி வைக்கிறார்கள். அதன் முன்னால் செருப்பையும் பையையும் குவித்து வைத்தால் அது இருந்தும் பயனில்லை. வயதானவர்களுக்கு வாடை பிடிக்கும் திறன் குறைந்திருக்கும், மூக்கை நம்ப முடியாது. உணர்கருவி அலறினால் விளக்கு, விசிறி எதையும் தொடாமல் எல்லோரும் இறங்கி, வெளியே போய் சிலிண்டர் வால்வை மூட வேண்டும்.

சரி, இண்டக்‌ஷனுக்கு மாறிவிடலாமா? சுடர் போய்விடும், ஆனால் கணக்குப் போட வேண்டும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் 3,600 வாட். தொடர்ந்து ஓட 80 சதவீதம்தான் பாதுகாப்பு, அதாவது 2,880. ஏசி ஒன்றே 1,500 வாட் எடுக்கும். 1,800 வாட் இண்டக்‌ஷனை முழுச் சூட்டில் வைத்தால் எல்லை தாண்டிவிடும். பிரேக்கர் விழுந்தால் பரவாயில்லை. விழாமல் ப்ளக்கின் ஊசிகள் மெல்ல உருகுவதுதான் ஆபத்து. முகாமில் பல வருடம் செருகிச் செருகித் தளர்ந்துபோன சாக்கெட்டில் இது நடக்கும். உங்கள் ப்ளக்கின் பித்தளை ஊசியில் கருப்புத் தடமோ, சுற்றியுள்ள பிளாஸ்டிக்கில் பழுப்பு நிறமோ தெரிந்தால் அந்தக் கேபிளை மாற்றிவிட வேண்டும். குளிருக்கு வைக்கும் 1,500 வாட் ஹீட்டருக்கும் இதே கதை; அதை எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. 50 ஆம்ப் இணைப்பில் 12,000 வாட் வரை இடம் உண்டு, இந்தச் சிக்கல் இல்லை.

பேட்டரியிலிருந்து இண்டக்‌ஷன் ஓட்டுவது இன்னொரு படி மேலே. 1,800 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 150 ஆம்புக்கு மேல் ஓடும். விரல் பருமன் கேபிளும், பேட்டரிக்கு ஒட்டியே ஃப்யூஸும் வேண்டும். லித்தியம் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு: ஆர்விக்கு விற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, செல்போனிலும் மின்சைக்கிளிலும் வரும் லித்தியம் வகைகளைவிட வெகுவாகப் பாதுகாப்பானது. தளர்ந்த நட்டும் மெல்லிய வயரும்தான் அங்கே தீ மூட்டும். மின்சைக்கிளை உள்ளே வைத்து ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவதுதான் எனக்கு அதைவிடப் பயம்.

எங்களுக்குப் பொருந்தி வந்த ஏற்பாடு: இட்லி, சாதம், காபி உள்ளே இண்டக்‌ஷனில், ஏசியை அணைத்துவிட்டு. தாளிப்பு, பூரி, மீன் எல்லாம் வெளியே மேஜையில், வண்டியிலிருந்து தள்ளி, கேஸ் அடுப்பில். வறண்ட காலத்தில் விறகும் கரியும் தடை செய்யப்படும்போதும், மூடும் வால்வுள்ள கேஸ் அடுப்பை அநேக பூங்காக்கள் அனுமதிக்கும். ஆசியக் கடைகளில் கிடைக்கும் பியூட்டேன் கேன் அடுப்பை மழை வந்தது என்று உள்ளே எடுத்துப் போகவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் உள்ளே கொண்டுவந்திருந்த எரிவாயு சிலிண்டரால் பிடித்த தீயில் 9 பேர் இறந்தார்கள். மூடிய பெட்டி, தளர்வாக வைத்த சிலிண்டர், தூங்கும் ஆட்கள்: ஆர்விக்குள் அதே நிலைமைதான்.

டயர்

ட்ரெய்லர் பக்கம் சாய்பவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 2018 ஜூலை 23 அன்று கலிஃபோர்னியாவில் ரெட்டிங் நகருக்குப் பக்கத்தில் ஒரு ட்ரெய்லரின் டயர் செத்து, சக்கர விளிம்பு தார்ச்சாலையில் உரசிக் கிளப்பிய பொறியில் பிடித்ததுதான் ‘கார்’ (Carr) தீ எனப் பெயர் பெற்ற காட்டுத் தீ. 2,29,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள் போயின, 8 பேர் இறந்தார்கள். டிரக்கில் டயர் போனால் ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்கில் தெரியும். பின்னால் வரும் ட்ரெய்லரில் தெரியாமல் போகலாம். அதனால் ட்ரெய்லருக்குத் தனியாக டயர் அழுத்தம் காட்டும் கருவி கட்டாயம். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ட்ரெட் புதிதாகத் தெரிந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துவிடுங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் சக்கர மையத்தை நோக்கிக் கையை நீட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். ஒன்று மட்டும் கொதிக்கிறது என்றால் பேரிங்கோ பிரேக்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது.

கிளாஸ் சி எடுத்தவர்கள் காய்ந்த புல் மேல் நிறுத்தக் கூடாது. அடியில் உள்ள, எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடு புல்லைப் பற்ற வைக்கப் போதும்.

வண்டியைக் கையில் வாங்கும்போது

தீயணைப்பான் வாசலருகே ஒன்று இருக்கும். அதன் முகப்பில் பி, சி என்று மட்டும் போட்டிருந்தால் அது எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும்தான், மெத்தைக்கோ மரத்துக்கோ அல்ல. ஏபிசி வகை ஒன்றைப் படுக்கைப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. பழைய வண்டியில் Kidde நிறுவனத்தின் பிளாஸ்டிக் கைப்பிடித் தீயணைப்பான் இருந்தால் மாடலைச் சரிபார்க்க வேண்டும். சரியாகப் பீய்ச்சாமல் போகலாம் என்பதற்காக 2017 நவம்பரில் அமெரிக்காவில் மட்டும் 3.7 கோடிக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். புகை, கார்பன் மோனாக்சைடு, வாயு ஆகிய மூன்று அலாரங்களின் பின்புறத்திலும் தேதி இருக்கும். புகை அலாரம் பத்து வருடம், மற்ற இரண்டும் மாடலைப் பொறுத்து ஐந்து முதல் பத்து வரை. பத்து வருடப் பழைய வண்டியில் மூன்றையும் மாற்றிவிடலாம்.

வாடகை நிறுவனத்தில் வண்டியை ஒப்படைப்பவர் கழிவுநீர்க் குழாயைப் பற்றி விரிவாகக் காட்டுவார். அவரிடமே அவசர ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் திறந்து பாருங்கள், அப்புறம் வீட்டில் மூத்தவரையும் பத்து வயதுப் பிள்ளையையும் திறக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் வால்வு எந்தப் பக்கம் மூடும் என்று கையால் திருப்பிப் பாருங்கள். நிறுத்திய பின் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதியான ஸ்லைட் அவுட்டை உள்ளே இழுத்த நிலையிலும் கட்டிலிலிருந்து வாசலுக்கு வழி இருக்கிறதா என்று நடந்து பாருங்கள்; வழியில் ஏதாவது ஓய்விடத்தில் ஸ்லைடைத் திறக்காமல் தூங்கும் ராத்திரியும் வரும். யார் எங்கே படுப்பது என்பதை இதையெல்லாம் பார்த்த பிறகு அங்கேயே முடிவு செய்துவிடலாம்: சட்டென்று எழுந்திருக்க முடியாதவருக்கு வாசலருகே உள்ள படுக்கை.